நல்லா இரையற பேட்

இந்தக் கொசு பேட் வேண்டாங்ணா. எடுத்து வெச்சிருங்க. இதுவும் இரைய மாட்டேங்குது.

இல்லைங்ணா, கொசுவெல்லாம் நல்லா அடிக்கும், நான் இல்லைங்கல. பட்டுனு அடிச்சுக் காட்டுனீங்களே, பாத்தனே. எனக்குக் கொசு சாவணும்னு இல்லீங்க. எங்க வீட்டுல கொசுவே கெடையாது. இந்தா, ஸ்டாண்டுல நிக்க வெச்சு ஒயரைச் சொருகினா நீல லைட்டு எரியுது பாருங்க, அப்படி எரியறப்ப இந்தச் சின்ன ரேடியோவுல 'கொர்ர்ர்'னு கேக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். அடுத்ததை எடுங்க. அதோ, அந்தப் பச்சை.

நீங்க பாக்கற பார்வை புரியுதுங்க. கடை தொறந்ததும் வந்து, அத்தனை பேட்டையும் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொண்ணையும் ரேடியோவுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, நல்லா இருக்குது, வேண்டாம்னு சொன்னா யாருக்கும் கிறுக்கன்னுதான் தோணும். ஆனா எனக்கு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணுங்ணா. சாயங்கால பஸ்ஸுல எங்க ஊட்டுக்காரி வர்றா. தாராபுரத்துல அவ அண்ணன் வீட்டுல இருந்து. பீரோவுல இருக்கற துணிமணிய எடுத்துட்டுத் திரும்பிப் போறதுக்குத்தான் வர்றா. திரும்பிப் போனான்னா போனதுதானுங்க. துளசிமணிய எனக்குத் தெரியும். அவ வர்றதுக்குள்ள எங்க சமையல்கட்டுல ஒரு இரையற பேட் நிக்கணும்.

எம் பேரு வெள்ளிங்கிரிங்க. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். சர்வீஸ் பூராவும் எக்ஸ்சேஞ்சு. இவன் பேசறது அவனுக்குக் கேக்கல, அவன் பேசறது இவனுக்குக் கேக்கலன்னு கம்ப்ளெயிண்ட் வந்தா நான்தான் போயி சரி பண்ணணும். எங்க தெருவுல இன்னும் டெலிபோன் சார்னுதான் கூப்பிடுவாங்க. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஹாம் ரேடியோ ஆரம்பிச்சேன். தெரியுங்களா ஹாம் ரேடியோ? மொட்டை மாடியில ஒயரைக் கட்டி, நாமளே செட்டுப் பண்ணி, எங்கயோ இருக்கற மனுசனோட பேசறது. என்ன பேசுவீங்கன்னா, 'நீங்க பேசறது எனக்கு நல்லாக் கேக்குது, நான் பேசறது உங்களுக்கு எப்படிக் கேக்குது?' அதைத்தாங்க பேசுவோம். அவரும் அதையே கேப்பாரு. வேற ஒண்ணும் பெருசாப் பேச மாட்டோம். அதுலயே பொழுது போயிருங்க.

இதைச் சொருகுங்க. ம்... இல்லைங்ணா. இதுல மூச்சுவிடற சத்தங்கூட இல்ல. கம்பெனிப் பொருளா? அதான். கம்பெனிக்காரன் உள்ள எல்லாத்தையும் ஒழுங்கா வெச்சிருப்பான். எனக்கு அப்படி வேண்டாம். எவனோ அவசரத்துல பண்ணுனதா, கன்னாபின்னான்னு இருக்கறதா ஒண்ணு குடுங்க.

நான் பண்ணுன ரிசீவர்ல மொத்தம் மூணு சத்தம் இருந்துச்சுங்க. மொதல் சத்தம் விசில். ஸ்டேஷனே இல்லாத எடத்துல ஸ்டேஷன் இருக்கற மாதிரி 'உய்ய்ய்'ங்கும். அது நெசமான சிக்னல் இல்ல. செட்டுக்குள்ள ஓடற ஒண்ணும் இன்னொண்ணும் கலந்து, ஊருல இல்லாத ஒண்ணை அதுவாவே உண்டாக்கிக்கும். வெளிநாட்டுக்காரன் அதைக் குருவின்னு சொல்லுவான். எங்க சங்கத்துல பொய் சிக்னல்னு சொல்லுவோம். ரெண்டாவது, குமிழைத் திருப்பி ஸ்டேஷன் தேடறப்ப வர்ற சத்தம். ஒவ்வொரு திருப்புக்கும் 'சர்க், சர்க்'னு, யாரோ காதுக்குள்ள தேங்காய் திருவற மாதிரி. மூணாவதுதான் இந்தக் 'கொர்ர்'.

டெலிபோன்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது என்னன்னா, பழுதுன்னா மொதல்ல வெளிய பாரு. அதனால விசிலுக்கு நான் வெளிய பாத்தேன். பக்கத்து வீட்டு ரங்கநாயகி வீட்டு பிரிட்ஜா இருக்குமோன்னு அதை ஒரு பகல் பூரா நிறுத்தச் சொன்னேன். விசில் நிக்கல. மாவு புளிச்சு வழிஞ்சதுதான் மிச்சம். எதுத்த வீட்டு வக்கீல் ஆசை ஆசையா மீன் தொட்டி வெச்சிருந்தாரு, அந்த மோட்டாரை நிறுத்தினேன். மீனெல்லாம் மேல வந்து என்னையவே பாத்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு. விசில் நிக்கல. பிள்ளையார் கோயில் சீரியல் லைட்டைத் திருவிழா நோம்பி அன்னிக்கே கழட்டச் சொல்லி, பெரிய தகராறாப் போயி, பூசாரி என்னைப் பாத்தா இப்பவும் மொகத்தைத் திருப்பிக்குவாரு. அப்பவும் விசில் நிக்கல.

ஒருநாள் எங்க ஊட்டுக்காரி, ஈரச் சேலைய என்னோட ஆன்டெனா ஒயர் மேல காயப்போட்டு, ஒயர் அறுந்து விழுந்துருச்சு. நான் சாமியாட்டம் ஆடிட்டு இருக்கேன். அவ ரூமுக்குள்ள வந்து ஹெட்போனை எடுத்துத் தன் காதுல வெச்சுப் பாத்துட்டு, "ஏனுங்க, ஒயரே இல்ல, இன்னும் விசிலடிக்குதுங்களே. அப்ப அது உங்க செட்டுக்குள்ளயேதான இருக்கணும்?"ன்னா. "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி"ன்னு பழமொழி வேற. சத்தம் செட்டுலதான் இருந்துச்சுங்கறது உண்மைதான், நான் இல்லைங்கல. ஆனா அறுந்த ஒயர் அறுந்ததுதானுங்களே? அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசலைங்க.

பொய் சிக்னலை நிறுத்தணும்னா ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனித்தனிச் செம்புலயோ பித்தளையிலயோ அறை கட்டி மூடணும். ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுக்குப் போகக் கூடாது. அதுக்கு நான் எங்க போறது? தேடிப் பாத்தா, சமையல்கட்டுலயே இருக்குது. பித்தளை அஞ்சறைப்பெட்டி. அவ அம்மா சீர் குடுத்தது. என்னா கனம், என்னா அளவு! செட்டுக்குன்னே செஞ்ச மாதிரி. கடுகு இருந்த எடத்துல ஆசிலேட்டர். வெந்தயம் இருந்த எடத்துல மிக்ஸர். சீரகத்து எடத்துல ஃபில்டர். ஓட்டை போட்டு, ஒயர் விட்டு, மூடிய இறுக்கினேன் பாருங்க, விசில் போன எடம் தெரியல. செட்டு சூடானா லேசா வெந்தய வாசம் அடிக்கும். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

அவ கோவிச்சுக்கலைங்ணா. கடுகையும் சீரகத்தையும் பேப்பர்ல மடிச்சு வெச்சுக்கிட்டா. அப்பறம் அந்த 'சர்க் சர்க்' இருக்குதே, அது நம்பர் காட்டற டிஸ்ப்ளேவுல இருந்து வருது. அதை மூடவும் செய்யணும், நம்பர் கண்ணுக்குத் தெரியவும் செய்யணும். மாவு சல்லடையோட கம்பி வலைய வெட்டி முன்னாடி வெச்சேன். 'சர்க்'கும் போச்சு. அதுக்கும் அவ கோவிச்சுக்கலைங்க. "இன்னும் எது வேணும்னு இப்பவே சொல்லிருங்க, ஒளிச்சு வைக்கறேன்"னு மட்டும் சொன்னா.

மஞ்சள் ஒண்ணு தொங்குதே, அதை எடுங்க. ஸ்டாண்டு ஆடுதுங்களா? ஆடட்டும், நல்ல அறிகுறி. ம்ஹூம். லேசா 'ஸ்ஸ்'ங்குது. இது பத்தாது. இந்த 'ஸ்ஸ்'ஸுக்கெல்லாம் நான் எந்திரிக்க மாட்டேன்.

இப்ப மூணாவது சத்தத்துக்கு வர்றேன். இது வெளிய இருந்து வர்றதுதான், சந்தேகமே இல்ல. ஒயரைக் கழட்டினா இல்ல, மாட்டினா இருக்குது. நானும் வீட்டுல சத்தம் போடற எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டினேன். காலிங் பெல் டிரான்ஸ்பார்மர் இரையும், வெட்டி விட்டுட்டேன். செல்போன் சார்ஜர் இரையும், போனை அணைச்சு பீரோவுக்குள்ள வெச்சுட்டேன். மின்விசிறி ரெகுலேட்டர் இரையும், கழட்டிட்டேன், ஓடுனா ஒரே ஓட்டம், இல்லைன்னா நிக்கும். ரூம் கதவைச் சுத்தி ரப்பர் ஒட்டி, சாத்திக்கிட்டு, காதுல பெரிய ஹெட்போன் மாட்டி உக்காந்துக்குவேன். அவ வந்து கதவைத் தட்டினா ஒரு வெரலைத் தூக்கிக் காட்டுவேன். ஒரு நிமிசம்னு அர்த்தம். ஒரு நிமிசம்னா எங்க பாஷையில ஒரு நிமிசம் இல்லீங்க. அது அப்படித்தான்.

இவ்வளவு பண்ணியும் அந்தக் 'கொர்ர்' வரும். எப்ப வரும்னு கேளுங்க. மத்தியானம் சரியா நான் சாப்பிடற நேரத்துக்கு வரும். நான் ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, எங்கடா இருந்து வருதுன்னு இந்தச் சின்ன ரேடியோவைத் தூக்கிட்டு ஓடி வருவேன். கதவைத் தொறந்து ஹாலுக்கு வந்தேன்னா, டக்குனு நின்னுரும்! ஒண்ணுமே இருக்காது. துளசி இலையப் போட்டுட்டு நிப்பா. "வந்தது வந்தீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க"ம்பா. சரி, வந்தாச்சேன்னு சாப்பிடுவேன்.

நான் சும்மா விடலைங்க. யோசிச்சேன். மஸ்கட்டுல இருந்து மகன் அவளோட போனுக்கு வீடியோவுல கூப்பிடற அன்னிக்குக் 'கொர்ர்' வரும். கேஸ் சிலிண்டர் வர்ற அன்னிக்கு வரும். ஒறம்பரை, சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா வரும். ஒருக்கா அவளுக்குக் காய்ச்சல், படுத்துட்டா. அன்னிக்கு நாள் பூரா விட்டு விட்டு வந்துச்சு. நான் வெளிய வர, அது நிக்க. வந்ததுக்கு அவளுக்குக் கொஞ்சம் வெந்நி வெச்சுக் குடுத்துட்டு, மாத்திரையக் குடுத்துட்டு உள்ள போவேன். மறுக்கா 'கொர்ர்'. கெரகமேன்னு மறுக்கா வருவேன். மழை பெய்ஞ்சா, கரண்டு கம்பத்துல ஈரம் ஏறினா இப்படி வரும்னு நெனச்சேன். அன்னிக்கு நல்ல வெயில்.

சங்கத்துல இதைப் பத்தி நான் பேசியிருக்கேங்க. ரேடியோவுலதான், ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா வருவோம். மேட்டுப்பாளையத்துல டேவிட்னு ஒருத்தர், பெரிய அனுபவஸ்தர். அவரு சூரியன்ல வர்ற கரும்புள்ளியால இருக்கும்னாரு. நான் இல்லீங்க, இது சமையலோட சம்பந்தப்பட்டதுன்னு சொன்னேன். தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல மிக்ஸி போடறதால லைன்ல ஏற்படற மாற்றம்னு ஒரு கணக்குச் சொன்னேன். கறி எடுத்த அன்னிக்கு எச்சா இருக்குதுன்னும் சொன்னேன். எல்லாரும் பாராட்டுனாங்க. ஓசூர்ல இருந்து ஒருத்தரு தனியாக் கூப்பிட்டு, அவரு வீட்டுலயும் இதே பிரச்சனைன்னு சொன்னாரு.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. கடைசியில எப்படிப் பிடிச்சேன்னு கேளுங்க.

அன்னிக்கு மத்தியானம் 'கொர்ர்' வந்துச்சு. நான் அப்பத்தான் ஒரு ஜப்பான்காரரைப் பிடிச்சிருந்தேன், விட மனசில்ல. அவரு நல்லாக் கேக்குதுன்னாரு, நானும் நல்லாக் கேக்குதுன்னேன். அப்படியே இழுத்துருச்சு. வெளிய வர்றப்ப வெயில் இறங்கிருச்சு. வந்து பாக்கறேன், சத்தம் நிக்கல! கையில இருக்கற ரேடியோவுல 'கொர்ர்'னு அப்படியே இரையுது. என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லீங்க. ரேடியோவை நீட்டிக்கிட்டே போறேன், சமையல்கட்டுல சத்தம் ஏறுது, ஏறுது, அலமாரிக்குக் கீழ கிட்டத்துல போனா காதே அடைக்குது. பாத்தா, கொசு பேட். ஸ்டாண்டுல நின்னுட்டு, நீல லைட்டு எரிஞ்சுட்டு இருக்குது. சந்தையில மலிவா வாங்குனது.

துளசி அங்கயே சாப்பாட்டு மேசை மேல தலைய வெச்சுத் தூங்கிட்டு இருந்தா. ரெண்டு இலை போட்டு, மேல தட்டு மூடி வெச்சிருந்தா. பாவம், அசதின்னு எழுப்பலைங்க. பேட்டை மட்டும் மெதுவா உருவிக்கிட்டு உள்ள போயிட்டேன். பிரிச்சுப் பாத்தா, உள்ள அத்தனையும் அரைகுறை. சத்தத்தை அடக்க ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஃபெரைட் வளையம், சுத்தி அலுமினியத் தாள் வெச்சேன். அவ்வளவுதான். சொருகிப் பாத்தேன். மயான அமைதி. என் வேலைன்னு சொல்லிக்கக் கூடாது, ஆனா கம்பெனிக்காரன்கூட அப்படிப் பண்ண மாட்டான்.

அவ எந்திரிச்சு வந்தா. நான் பேட்டைக் காட்டி, "பிடிச்சுட்டேன் பாத்தியா! இதுதான் அந்தச் சத்தம். இத்தனை நாளா நம்ம ஊட்டுக்குள்ளயே இருந்துருக்குது. சரி பண்ணிட்டேன்"னேன். அவ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இனி வராதுங்களா?"ன்னா. "ஜென்மத்துக்கும் வராது"ன்னேன். "ஓ"ன்னா. பேட்டைக் கொண்டு போயிப் பழையபடி ஸ்டாண்டுல வெச்சா. சந்தோசத்துல பேச்சு வரலைன்னு நெனச்சேன்.

மறுநாள் செட்டுல உக்காந்தேன் பாருங்க. எந்தச் சத்தமும் இல்ல. விசில் இல்ல, சர்க் இல்ல, கொர் இல்ல. இத்தாலிக்காரன் ஒருத்தன் இருமறது கேக்குது. பகல் பூரா உக்காந்திருந்தேன். நடுவுல அவ கதவைத் தொறந்து நின்னா. கையில பை இருந்துச்சு. என்னமோ சொன்னா. நான் ஒரு வெரலைத் தூக்கிக் காட்டினேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. எனக்குப் பசி எடுத்ததுக்கப்பறந்தான் வெளிய வந்தேன். இலை போடல. அடுப்புல பாத்திரம் இல்ல. பேட் மட்டும் ஸ்டாண்டுல நின்னுட்டு, நீல லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு.

அந்தச் செவப்பை எடுங்க, பேச்சுல அதை விட்டுட்டோம். என்ன, திரும்பி வந்த சரக்கா? யாரோ ரிப்பேருன்னு திருப்பிக் குடுத்ததா? அட, அதை ஏனுங்க ஒளிச்சு வெச்சீங்க! சித்த எடுங்க. தூசி தட்டறது அப்பறம் பாத்துக்கலாம்.

போனைப் பீரோவுல இருந்து எடுத்து, தாராபுரத்துக்குக் கூப்பிட்டேன். நான் என்ன நெனச்சேன்னா, அஞ்சறைப்பெட்டிக் கோவந்தான் இத்தனை நாள் கழிச்சு வந்துருக்குதுன்னு. புது எவர்சில்வர் பெட்டி வாங்கித் தர்றேன், ரெண்டு அடுக்கு வெச்சதுன்னேன். அவ, "பெட்டிக்கு இல்லீங்க. பேட்டைத்தான் சரி பண்ணிட்டீங்களே, இனி நான் அங்க இருந்து என்ன பண்ண?"ன்னா. பாராட்டறான்னு நெனச்சுட்டேங்க. எப்படிப் பண்ணினேன், கெப்பாசிட்டரை ஏன் அந்த எடத்துல போட்டேன், ஃபெரைட் வளையத்துல ஒயரை எத்தனை சுத்து சுத்தினேன்னு எல்லாம் விவரமாச் சொன்னேன். பாதியில போனை வெச்சுட்டா. சிக்னல் கட்டாயிருச்சுன்னு மறுக்கா போட்டேன். மச்சான் எடுத்து, "மாப்ள, நீங்க பேசாம இருங்க, அதுவே நல்லது"ன்னாரு.

அப்பறம் ஒரு வாரம் ஓட்டல் சாப்பாடு. செட்டுல உக்காந்தா எல்லாம் சுத்தமாக் கேக்குது, ஆனா உக்கார முடியல. சும்மா ஹால்ல உக்காந்திருந்தேன். அன்னிக்குத்தான் சிலிண்டர் போடற ஆறுச்சாமி வந்தான். கதவு தொறந்து கெடந்துச்சு. நான் சேருல உக்காந்திருக்கறதைக் கவனிக்கல, நேரா சமையல்கட்டுக்குப் போனான். சிலிண்டரை இறக்கி வெச்சான். பேட்டை எடுத்து ஒயரைச் சொருகினான். கையைக் கட்டிக்கிட்டு என் ரூம் கதவையே பாத்துட்டு நின்னான்.

"என்னப்பா பண்ற?"ன்னேன். தூக்கிவாரிப் போட்டுருச்சு அவனுக்கு. "சார், இங்கயா இருக்கீங்க? உங்களைத்தான் சார் கூப்பிட்டுட்டு இருக்கேன்"ங்கறான். "என்னைய எதுக்குடா பேட்டைச் சொருகிக் கூப்பிடற?"ன்னா, "அக்கா சொல்லிக் குடுத்ததுங்க. அவங்க தண்ணி பிடிக்கப் போயிருந்தா நாங்களே சொருகிக்குவோம். நீங்க வெளிய வந்ததும் பிடுங்கிரணும், அதுதான் முக்கியம்னு சொல்லியிருக்காங்க"ங்கறான்.

நான் வெளிய ஓடுனேன். ரங்கநாயகிகிட்டக் கேட்டேன். "ஆமாங்க டெலிபோன் சார், தெருவுக்கே தெரியுமே"ங்கறா. வக்கீலுக்குத் தெரியும். கொரியர்காரனுக்குத் தெரியும். பூசாரிக்குக்கூடத் தெரிஞ்சிருக்குது, கோயில் வரி வாங்க வந்தவரு சொருகிட்டு நின்னுருக்காரு. காலிங் பெல்ல வெட்டிட்டேன், போனை அணைச்சுட்டேன், கதவுக்கு ரப்பர் ஒட்டிட்டேன். அவ என்னதான் பண்ணுவா? என்னைக்கோ ஒருநாள் பெருக்கறப்ப தற்செயலா பேட்டைச் சொருகியிருக்கா, நான் ஓடி வந்துருக்கேன். அதைப் பிடிச்சுக்கிட்டா. காய்ச்சல்ல கெடந்தப்பவும் கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதைத்தான் சொருகிச் சொருகிப் பிடுங்கியிருக்கா, எம் பொண்டாட்டி. நான் கம்பத்துல ஈரமான்னு பாத்துட்டு இருந்தேன்.

வயசான காலத்துல தெருவுல நின்னு அழுதேன். ரங்கநாயகி தண்ணி கொண்டாந்து குடுத்தா. "அழாதீங்க சார், பேட்டைப் பழையபடி ஆக்கிருங்க, அக்கா வந்துருவாங்க"ன்னா. நல்ல யோசனைன்னு உடனே உள்ள போயி உக்காந்தேன். கெப்பாசிட்டரை எடுத்தேன். வளையத்தைக் கழட்டினேன். சொருகினேன். இரையல. என்னென்னமோ பண்ணினேன், இன்னும் சுத்தமாத்தான் போச்சு. கடைசியில புகைஞ்சு கருகிருச்சு. எத்தனையோ லைன் பழுதைச் சரி பண்ணியிருக்கேங்க. ஒரு நல்ல பொருளைக் கெடுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியல.

என்ன கேட்டீங்க? ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, கதவைத் தொறந்து வெச்சாப் பத்தாதான்னா? அதெப்படிங்ணா பத்தும்? ஹெட்போனைக் கழட்டினா செட்டு எப்படிக் கேக்கும்? கதவைத் தொறந்து வெச்சா தெருச் சத்தம் வருமே. வெவரம் தெரியாமப் பேசறீங்க. ஆனா உங்க நல்ல மனசு புரியுது.

சரி, செவப்பைச் சொருகுங்க. ரேடியோவைக் கிட்டத்துல கொண்டாறேன்...

கேட்டீங்களா! கேட்டீங்களா அதை! 'கொர்ர்ர்ர்'ங்குது! ஐயோ, என்ன இரைச்சல்! இந்தா, நான் கடை வாசல் வரைக்கும் போறேன், பிடுங்காதீங்க. இங்கயும் கேக்குது! ரோட்டைத் தாண்டியும் கேக்குங்க இது. பழசைவிட எச்சா இருக்குது. இதைச் சொருகினா நான் எந்த நாட்டுக்காரனோட பேசிட்டு இருந்தாலும் எந்திரிச்சுத்தானுங்க ஆகணும். இல்லைங்ணா, கண்ணு கலங்கல. தூசி. ஆமா, கலங்குதுதான், கலங்குனா என்ன இப்ப.

பாதி வெலையெல்லாம் வேண்டாங்க, முழு வெலையப் போடுங்க. ரிப்பேர் இல்லைங்க இது. நான் சொல்றேன்ல. அவ பஸ் விட்டு இறங்கி வர்றா, பீரோவைத் தொறக்கறா, நான் ரூமுக்குள்ள ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்திருக்கேன். சமையல்கட்டுல இது புதுசா நிக்கறதைப் பாப்பா. சொருகிப் பாக்காம இருக்க மாட்டா. சொருகினா நான் வெளிய வருவேன். இந்தத் தடவை அது நின்னதுக்கப்பறமும் உள்ள போக மாட்டேன். அங்கயே நிப்பேன். என்ன சொல்லணும்னு பஸ்ஸுல வர்றப்பவே யோசிச்சு வெச்சிருக்கேன். 'நீ கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு.' அவ்வளவுதான் சொல்லப் போறேன்.

பையில போடாதீங்க, பையில போடாதீங்க. ஒரு நிமிசம் இருங்க. நெச நிமிசந்தான். இதுக்குப் பின்னாடி நாலு ஸ்க்ரூ இருக்குது பாருங்க. உங்ககிட்ட அந்த ஒட்டுனா பிரிக்க முடியாத பசை இருக்குமே. நாலு ஓட்டையிலயும் அதை ஊத்தி நல்லா அடைச்சுருங்க. விளிம்பு பூராவும் சுத்தி ஊத்துங்க. கெட்டியாக் காயட்டும், பஸ்ஸுக்கு நேரம் இருக்குது, நான் உக்காந்திருக்கேன். ஏன்னு கேக்காதீங்கண்ணா, ஊத்துங்க. உள்ள ஒரே ஒரு கெப்பாசிட்டர் போட்டா சரியாப் போயிரும்னு எனக்கு இப்பவே தெரியுது.